காலி வாளி

ஆய்வாளர் கதவைத் தட்டியபோது அவள் முட்டைக்கோஸின் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். தண்டை எல்லோரும் எறிந்துவிடுவார்கள். மெல்லிசாகச் சீவி உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டால் அது இலையைவிட இனிப்பாக இருக்கும். தனியாகச் சமைக்க ஆரம்பித்த பிறகு அவள் கண்டுபிடித்த விஷயம் அது.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரில் எல்லோருக்கும் அவள் குரலைத் தெரியும். முகத்தை யாருக்கும் தெரியாது. நாற்பது வயது தாண்டும்வரை தம்பி வீட்டில் இருந்தாள். அங்கே ஒன்பது பேர். வேலைக்குப் போகும் முன் ஒன்பது பேருக்குச் சமைத்துவிட்டுப் போவாள், வந்ததும் ஒன்பது பேருக்குச் சமைப்பாள். தனியாட்கள் குடியிருப்பில் ஒரு வீடு காலி என்று யாரோ சொன்னார்கள். யாரிடமும் மூச்சு விடாமல் எழுதிப் போட்டாள். கிடைத்துவிட்டது. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு.

குடியிருப்பு தனிநபர் உணவு விரயத் தடுப்பு வாரியத்துக்குச் சொந்தமானது. வாடகை குறைவு. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: வீணாகும் உணவை வாரியம் தந்த பச்சை வாளியில் போட வேண்டும். மாதக் கடைசியில் அதை எடை போடுவார்கள். எடை போன மாதத்தைவிடப் பத்தில் ஒரு பங்காவது குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதுவரை வந்துகொண்டிருந்த பழைய ஆய்வாளர் மாடி ஏற முடியாமல் கீழேயே நின்று, மனசுக்குத் தோன்றிய எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வந்திருப்பவர் புதியவர். இளைஞர். நாலு மாடியும் ஏறி வந்திருந்தார்.

"வாளி எங்கம்மா?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை, வாளியின் எடையைக் கழித்து வைத்திருந்த தராசின் கொக்கியில் மாட்டினார். முள் அசையவில்லை. விரலால் சுண்டிப் பார்த்தார். சந்தேகம் வந்து தன் கைப்பையை மாட்டினார். முள் ஒழுங்காக நகர்ந்தது.

"விரயம் எங்க?"

"இல்லீங்க."

"இல்லைன்னா?"

"எதையும் எறியறதில்லீங்க."

"உருளைக்கிழங்குத் தோல்?"

"வறுத்துடுவேன்."

"மிஞ்சின சோறு?"

"அளவாத்தான் வெப்பேன். தப்பித்தவறி மிஞ்சினா காலையில வெங்காயம் போட்டுக் கிளறிடுவேன்."

"காஞ்சுபோன ரொட்டி?"

"பால்ல ஊறப்போட்டு, முட்டை அடிச்சு ஊத்தி, மூடி வெச்சா..."

"முட்டை ஓடு!" என்றார் ஆய்வாளர். அவர் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. அவள் ஜன்னலோரத்திலிருந்து ஒரு கைப்பிடி ஓட்டை எடுத்து வந்தாள். அவர் ஆவலோடு வாங்கினார், பிறகு முகம் தொங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தார். "இது உணவு இல்லம்மா. ஓடு. ஓடு வேற துறை."

"அப்போ நல்லதுதானேங்க? விரயமே இல்லையே."

"என்னம்மா நல்லது? பழையவர் எழுதின எண்ணெல்லாம் செல்லாதுன்னு அடிச்சாச்சு. போன மாசத்தைவிட குறையணும். போன மாசம் ஏதாவது இருந்தாத்தானே இந்த மாசம் குறைக்க முடியும்? நீங்க ஒண்ணையுமே குறைக்கலையேம்மா!"

அவர் தொட்டிக்கு அடியில் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். கடைசியில் அவர் பார்வை பலகையில் கிடந்த முட்டைக்கோஸின் மேல் விழுந்தது. "இது அரைதான் இருக்கு. மீதி அரை?"

"எதிர்வீட்டு டெய்லருக்குக் கொடுத்துட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

முழு முட்டைக்கோஸ் ஒரு ஆளுக்கு அதிகம். முழு ரொட்டியும் அப்படித்தான். அதனால் அவள் பாதி முட்டைக்கோஸை ஒரு பையில் போட்டு எதிர்வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டுவாள். பாதி ரொட்டி அவள் கதவுக்கு வரும். டெய்லர் பருத்த உடம்பும் கூச்ச சுபாவமும் உள்ளவர். படிக்கட்டில் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவார். இத்தனை நாளில் இருவரும் பேசியது மொத்தத்தில் "மழை வரும்போல" என்பதைத் தாண்டாது.

ஆய்வாளர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா, தனியாளோட சாப்பாடு வெளிய போனா அதுக்குப் பேரு கடத்தல். அதை இன்னொருத்தர் சாப்பிட்டா அதுக்குப் பேரு குடும்பம். இது தனியாட்கள் குடியிருப்பு. எதுவா இருந்தாலும் நீங்க மாட்டிக்கிட்டீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. கிட்டத்தட்ட இரக்கம்தான் இருந்தது. "வியாழக்கிழமை வாரியத்துக்கு வந்துடுங்க. ரெண்டு பேரும்."

அன்று சாயங்காலம், நடந்ததைக் கேள்விப்பட்டுத் தம்பி போனில் பேசினான்.

"அக்கா, ரெண்டு கரண்டி சோத்தை வாளியில கொட்டினா உன் கை தேஞ்சா போயிடும்? ஊரே கொட்டுது."

"மனசு வரலடா."

"வரலன்னா விடு. வீட்டுக்கே வந்துடு. உன் சமையல் இல்லாம எல்லாருக்கும் நாக்கு செத்துப்போச்சு. சனிக்கிழமை வேன் எடுத்துட்டு வரேன். உன் ரூம்ல இப்ப அரிசி மூட்டை போட்டிருக்கோம், ஒதுக்கிக் கொடுத்துடறேன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் காதில் அந்த வீட்டின் பெரிய பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு, ஒரு கரண்டி சோற்றை எடுத்துக்கொண்டு பச்சை வாளியின் முன் போய் நின்றாள். வெறும் ஒரு கரண்டி. இதைக் கவிழ்த்தால் வீடு மிஞ்சும். கையைச் சாய்த்தாள். சோறு கரண்டியின் விளிம்புவரை வந்தது. அவளுக்கே தெரியாமல் இடது கை கீழே போய் ஏந்திக்கொண்டது. ஏந்திய சோற்றை என்ன செய்வது? வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள், ரொட்டி தானாகப் பூசணம் பிடித்தால் பாவம் தன் மேல் இல்லை என்று யோசித்து, இரண்டு துண்டை ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நிலையத்தில் தெற்கே போகும் வண்டியை வடக்கே அனுப்பி அறிவித்தாள். ஒரு கூட்டமே மூட்டை முடிச்சோடு பிளாட்பாரம் மாறி ஓடியது. வீடு திரும்பியபோது ரொட்டி காய்ந்து மொறமொறவென்று ஆகியிருந்தது. சூப்பில் உடைத்துப் போட்டதற்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

புதன்கிழமை டெய்லர் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது. உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே ஒரு அடி தள்ளியே நின்றார்.

"ஏங்க, நான் யோசிச்சிட்டேன். முட்டைக்கோஸை நான் திருடினதா சொல்லிடறேன்."

"அரை முட்டைக்கோஸ யாராவது திருடுவாங்களா?"

"முழுசா திருடி, அரையைத் திருப்பி வெச்சிட்டேன்னு சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "உங்களுக்கு வேற இடம் இருக்கா போறதுக்கு?"

"கடையில வெட்டற மேசை ஒண்ணு இருக்கு. நீளமானதுதான்" என்றார் டெய்லர். "கால் மட்டும் வெளிய நீட்டும்."

"திருட்டுன்னெல்லாம் ஒண்ணும் சொல்லாதீங்க. நடக்கறதைப் பாத்துக்கலாம்" என்றாள். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை விசாரணை வாரியத்தின் மாதிரிச் சமையலறையில் நடந்தது. பளபளவென்று ஆறு அடுப்பு. எதிலும் யாரும் சமைத்த அடையாளம் இல்லை. ஒரு பக்கம் நீள மேசையில் இயக்குநர், செயலாளர், குழு உறுப்பினர்கள். அவர்களுக்கு முன்னால் காலைச் சிற்றுண்டி அடுக்கி வைத்திருந்தது: ரொட்டி, அவித்த முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, வெட்டிய பழம். நாற்பது பேருக்கு வரவழைத்திருந்தார்கள் போல. வந்திருந்தது ஏழெட்டுப் பேர். அவர்களும் காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் என்பதால் ஆளுக்கொரு துண்டு பழத்தைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். டெய்லர் பயத்தில் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்திருந்தார். சுவரோரம் நிற்க வைத்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் இயக்குநர். கனிவான குரல், நரைத்த மீசை. "உங்க மேல எங்களுக்கு எந்த விரோதமும் இல்ல. ஒரு சின்ன சோதனை. வாரியத்தோட தரமான ஒரு ஆள் சாப்பாட்டை எங்க கண் முன்னாடி சமைங்க. என்ன மிஞ்சுதுன்னு பாத்துடலாம்."

செயலாளர் சமையல் குறிப்பைப் படித்தார். "உருளைக்கிழங்கு, அரை. வெங்காயம், கால். முட்டை, கால்."

"கால் முட்டையா?" என்றாள் அவள்.

"நாலு பேர் குடும்பத்துக்கு நிபுணர்கள் எழுதினது" என்று இயக்குநர் விளக்கினார். "தனியாளுக்காக அதை நாலால வகுத்திருக்கோம். பெரிய ஆராய்ச்சி. வெளியூர்லேருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க."

"மீதி முக்கால் முட்டையை என்ன பண்ணட்டுங்க?"

"வாளியில போடுங்க. அதுக்குத்தானே வாளி."

குழுவினர் முன்னால் சாய்ந்தார்கள். ஆய்வாளர் தராசைத் தயாராகப் பிடித்துக்கொண்டார். அவள் வெங்காயத்தை அரிந்தாள், உருளைக்கிழங்கைத் தோலோடு சீவினாள். எண்ணெய் சூடானது. முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். மஞ்சள் கரு முழுசாக நின்று அவளைப் பார்த்தது. அறையில் எண்ணெய் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கால் பங்கு எங்கே முடிகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. சட்டென்று முழு முட்டையையும் வாணலியில் கவிழ்த்துவிட்டாள். முழு வெங்காயமும் முழு உருளைக்கிழங்கும் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தன.

மேசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

அவள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வழித்துப் போட்டாள். வாணலியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டி அதையும் போட்டாள். ஆய்வாளர் வாளியை எடை பார்த்தார். தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

இயக்குநர் எழுந்து அருகே வந்தார்.

"இங்க பாருங்கம்மா. நான் உங்களுக்கு உதவணும்னுதான் பாக்கறேன். அந்தத் தட்டை அப்படியே வாளியில கொட்டுங்க. அதை உங்க அடிப்படை விரயம்னு எழுதிக்கறோம். அடுத்த மாசம் கொஞ்சம் குறைச்சுக் கொட்டுங்க. அதுக்கு அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். வருஷக் கடைசியில உங்களுக்குப் பரிசுகூட வரலாம். வீடும் போகாது. ஒரு தட்டு. அவ்வளவுதான்."

"சாப்பிடற பொருளுங்க."

"சாப்பிடற பொருளைக் கொட்டினாத்தான் அது விரயம். சாப்பிட முடியாததைக் கொட்டினா குப்பை. குப்பைக்கு வேற வாரியம் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊர்ல விரயம் ஒழியற வரைக்கும் ஓய மாட்டேன்னு மேடையில சொன்னது நான்தான். ஒழிஞ்சிடுச்சுன்னு ஒரே ஒரு வீட்டுலேருந்து எழுதி வந்துட்டாக்கூட, என்னை அன்னைக்கே ஓய வெச்சிடுவாங்க. என் சின்னப் பையன் இன்னும் படிப்பை முடிக்கல. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

அவள் தட்டைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்ள கதவு ஒரு கணம் கண்ணில் வந்து போனது. தட்டு வாளிக்கு மேல் போனது. குழுவினர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான, தாழ்ந்த, பரிதாபமான சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். டெய்லர் இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

"சாப்பிடலையா நீங்க?" என்று கேட்டாள்.

அவர் இயக்குநரைப் பார்த்தார், ஆய்வாளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இல்லீங்க."

அவள் வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு அவரிடம் போனாள். வாணலி மூடியைக் கவிழ்த்துப் பாதியை அதில் தள்ளி அவர் கையில் கொடுத்தாள். மீதியைத் தட்டில் வைத்துக்கொண்டு தானும் சாப்பிட ஆரம்பித்தாள். டெய்லர் முதல் வாயை மென்று விழுங்கப் பட்டபாட்டைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும். மூன்றாவது வாய்க்குப் பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. பசி மட்டும் இருந்தது.

இயக்குநர் முகம் சிவந்துவிட்டது. "எழுதுங்க! ரெண்டு பேரையும் வெளியேத்தறோம்!"

"காரணம் என்னன்னு போடட்டும் சார்?" என்றார் செயலாளர்.

"விரயம் பண்ணலைன்னு போடுங்க."

செயலாளர் பேனாவை எடுத்தார், வைத்தார். "மேலிடத்துக்குப் போகும் சார். விரயம் பண்ணாததுக்காக விரயத் தடுப்பு வாரியம் வெளியேத்துதான்னு..."

"அப்போ ரெண்டு பேர் சேர்ந்து சாப்பிட்டாங்கன்னு போடுங்க."

"வாளி ஏன் காலின்னு கேப்பாங்க சார். பக்கத்து வீட்டுக்காரங்க பகிர்ந்துக்கிட்டாலே விரயம் வராதுன்னு ஆயிடும். எல்லாரும் ஆரம்பிச்சுட்டா..." அவர் பேனாவை மூடினார். "அது இன்னும் மோசம் சார்."

இயக்குநர் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "தீர்ப்பு தள்ளி வைக்கப்படுது. சனிக்கிழமை உத்தரவு வீட்டுக்கு வரும்" என்றார்.

அந்த இரண்டு நாளும் அவளுக்குத் தூக்கம் இல்லை. சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன வாணலி, சின்னக் குக்கர், ஒரு தட்டு. சனிக்கிழமை சொன்னபடியே தம்பி வேனோடு வந்துவிட்டான். பெட்டியைத் தூக்கப் போனவன் வாணலியைப் பார்த்து, "இது எதுக்கு? நம்ம வீட்டுல பெருசு இருக்கு" என்று அதைத் தனியே எடுத்து வைத்தான். அவள் மறுபடியும் பெட்டிக்குள் வைத்தாள். அவன் எடுத்தான். அவள் வைத்தாள். கதவு தட்டப்பட்டது.

ஆய்வாளர் நின்றிருந்தார். கையில் அரக்கு வைத்து முத்திரையிட்ட பெரிய பொட்டலம். பின்னால் எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது; இடுக்கில் டெய்லரின் ஒரு கண் தெரிந்தது.

ஆய்வாளர் தொண்டையைச் செருமி உத்தரவைப் படித்தார். "சொந்தமாக விரயம் செய்ய வசதியற்ற குடியிருப்பாளர்களுக்கு வாரியமே மாதந்தோறும் அடிப்படை விரயத்தை வழங்கும். குடியிருப்பாளர் அதைத் தன் வாளியில் வைத்து, வாரிய விதிகளின்படி குறைத்துக் காட்ட வேண்டும். விசாரிக்கப்பட்ட இருவருக்கும் வீடு தொடரும்."

அவர் பொட்டலத்தை வாளியில் வைத்தார், எடை பார்த்தார், குறித்துக்கொண்டார். தராசு முள் நகர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இதை எவ்வளவு குறைக்கணும்?" என்று அவள் கேட்டாள்.

"பத்துல ஒரு பங்காவது."

"அதுக்கு மேல குறைச்சா?"

"தாராளமா. எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது."

அவர் போனதும் அவள் முத்திரையை உடைத்தாள். உள்ளே தாளில் சுற்றி ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, தோல் உரிக்காத அவித்த முட்டைகள். காலையில் வாரியத்தில் இன்னொரு கூட்டம் நடந்திருக்கிறது. கை படாத சாப்பாடு. தம்பி ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டு, "உப்பு கம்மி" என்றான். அவள் பெட்டியைப் பிரித்து வாணலியை எடுத்தாள்.

"அக்கா, அப்போ வேன்?"

"வெறுமனே ஓட்டிட்டுப் போடா. சாப்பிட்டுட்டுப் போ." பிறகு கதவிடுக்கைப் பார்த்து, "நீங்களும்தான். தட்டு ஒண்ணுதான் இருக்கு, உங்களுதை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மாதக் கடைசியில் ஆய்வாளர் வந்து வாளியைத் தூக்கியபோது அது காலியாக இருந்தது. குறைவு, நூற்றுக்கு நூறு. வாரியத்தின் வரலாற்றிலேயே அப்படி ஒரு எண் வந்ததில்லை. இயக்குநருக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். தனிநபர் உணவு விரயத்தை ஒரே மாதத்தில் முற்றிலும் ஒழிக்க முடியும் என்று தன் வாரியம் நிரூபித்துவிட்டது, இதைத் தொடர இன்னும் ஆட்கள் தேவை என்று அவர் பேசினார். ஆட்களும் கிடைத்தார்கள். மற்ற மாடிகளிலும் சிலர், தங்களுக்கும் சொந்தமாக விரயம் செய்ய வசதியில்லை என்று எழுதிப் போட ஆரம்பித்தார்கள்.

ஆய்வாளர் நூறு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த மாதத்துக்கான பொட்டலத்தை வாளியில் வைத்து எடை போட்டார். வேலை முடிந்துவிட்டது. ஆனால் கிளம்பவில்லை. அடுப்பில் வெங்காயம் சிவந்துகொண்டிருந்தது. டெய்லர் தட்டோடு வந்து அவருக்குப் பின்னால் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

"இதுல இந்த முறை முட்டை நிறைய வெச்சிருக்காங்கம்மா" என்றார் ஆய்வாளர்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"சட்டப்படி நான் இங்க சாப்பிடக் கூடாது" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே.